'ரெஸ்பெக்ட்' என்னும் சொல்லை எங்கே வைப்பது, எங்கே எடுப்பது: மதுரைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிம்மக்கல்லில் நான் நடத்தும் மாலை நேர ஆங்கில வகுப்புக்கு மேலூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் வேலைக்கான விண்ணப்பக் கடிதத்தைத் திருத்திக் கொள்ள வந்தார். கடிதம் 'ரெஸ்பெக்டிவ் சார்' என்று தொடங்கியது. 'யுவர் ரெஸ்பெக்டட் கம்பெனி' இரண்டு இடத்தில் வந்தது. 'ஐ வில் கிவ் ரெஸ்பெக்ட் டு ஆல் சீனியர்ஸ்' என்று ஓர் உறுதிமொழி. அடியில் 'யுவர்ஸ் ரெஸ்பெக்டிவ்லி' என்று கையெழுத்து. ஒரே பக்கத்தில் ஐந்து முறை அந்தச் சொல், ஐந்தும் இடம் மாறி. பையனிடம் பணிவுக்குக் குறைவே இல்லை. அதை ஆங்கிலத்தில் எந்த ஆணியில் மாட்டுவது என்பதுதான் தெரியவில்லை.

இது அவர் ஒருவரின் தவறு அல்ல. தமிழில் மரியாதை வினைமுற்றின் வாலிலேயே இருக்கிறது. வந்தான், வந்தார், வந்தார்கள் என்று சொல்லும்போதே ஆளின் இடம் தெரிந்துவிடுகிறது. 'வாருங்கள்' என்ற ஒரு சொல்லில் வரவேற்பும் மரியாதையும் சேர்ந்தே வருகின்றன. 'மரியாதை' என்ற சொல்லைத் தனியாக எடுத்து வைக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்துக்குப் போனால் எல்லோருக்கும் ஒரே 'யூ'. கலெக்டருக்கும் அதுதான், கடைப் பையனுக்கும் அதுதான். நமக்குக் கை நடுங்குகிறது. விட்டுப்போன 'ங்கள்' விகுதியை ஈடுகட்ட வாக்கியத்துக்கு வாக்கியம் 'ரெஸ்பெக்ட்' போடுகிறோம், நடுவில் நாலு 'சார்' சேர்க்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கிலத்திலும் முன்பு இரண்டு சொற்கள் இருந்தன. 'தௌ' என்பது நீ. 'யூ' என்பது நீங்கள். 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் பொதுப் பேச்சிலிருந்து 'தௌ' மெல்ல விலகிவிட்டது. மிஞ்சியது 'நீங்கள்'. ஆகவே ஆங்கிலக்காரர் நாயைக் கூப்பிட்டாலும் நீங்கள் என்றே கூப்பிடுகிறார். 'யூ' என்று சொல்லும்போது ஏதோ ஒருமையில் பேசிவிட்டதாக இனி யாரும் குன்ற வேண்டாம்.

முதல் படி: வேரைப் பிடியுங்கள்

லத்தீனில் 'ஸ்பெக்' என்ற வேருக்குப் 'பார்' என்று பொருள். 'ரி' என்றால் திரும்ப, பின்னால். 'ரெஸ்பெக்ட்' என்றால் திரும்பிப் பார்ப்பது. மூக்கில் மாட்டும் 'ஸ்பெக்டகிள்ஸ்', உள்ளே புகுந்து பார்க்கும் 'இன்ஸ்பெக்டர்', கீழ்க்கண்ணால் பார்க்கும் 'சஸ்பெக்ட்' எல்லாம் இதன் பங்காளிகள்.

இதை வகுப்பில் சொன்னால் யாரும் வியப்பதில்லை. நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் மனத்தாங்கலோடு வெளியேறும் தாய்மாமன் என்ன சொல்கிறார்? 'என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை', 'ஒருத்தனும் கண்டுகொள்ளவில்லை'. மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் நின்று அவர் பேசுவது அப்படியே லத்தீன்தான். அவமதிப்பு என்பது பார்க்காமல் போவது.

ஆனால் நாம் ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக வைக்கும் சொற்களின் வேர்கள் வேறு. 'மரியாதை' வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் முதற்பொருள் எல்லை, வரம்பு. 'கௌரவம்' என்பதன் அடியில் இருப்பது எடை, கனம். 'மதிப்பு' அளந்து பார்ப்பது. அதனால்தான் நிலத்துக்கும் நகைக்கும் மதிப்பு இருக்கிறது, பெரியவருக்கும் இருக்கிறது. வரம்பு, கனம், அளவு, பார்வை என்ற இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டால் மேலே வரப்போகிற குழப்பம் பாதி தீரும்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு சொல். அழுத்தம் இரண்டாம் அசையில்: ரி-ஸ்பெக்ட். பெயராக வந்தாலும் வினையாக வந்தாலும் அழுத்தம் மாறாது. நடுவில் உள்ள 'க்' ஒலியை விழுங்கி, கடைசியில் ஓர் உகரம் சேர்த்து 'ரெஸ்பெட்டு' என்று சொல்வது நம் பக்கத்துப் பழக்கம். ஊருக்குள் பேசும்போது பரவாயில்லை, நேர்காணலில் வேண்டாம்.

இரண்டாம் படி: எந்தப் பொருள் என்று பிரியுங்கள்

அகராதி பல பொருள் தரும். வேலைக்கு மூன்று போதும்.

ஒன்று, ஒருவரின் தகுதியை உணர்ந்து உள்ளத்தில் வைக்கும் மதிப்பு. 'ஐ ஹேவ் கிரேட் ரெஸ்பெக்ட் ஃபார் மை டீச்சர்.' இங்கே வருவது 'ஃபார்'. நாம் 'ஆசிரியருக்கு' என்ற நான்காம் வேற்றுமையைக் கேட்டதும் 'டு' போட்டுவிடுகிறோம். மனத்தில் வைத்திருக்கும் மதிப்புக்கு 'ஃபார்' என்று பழகிக்கொள்ளுங்கள். வினையாக எழுதினால் இடைச்சொல்லே வேண்டாம்: 'ஐ ரெஸ்பெக்ட் மை டீச்சர்.' 'ஐ ஆம் ரெஸ்பெக்டிங்' என்று எழுத வேண்டாம். மதிப்பு ஒரு நிலை. அது தோசை வார்ப்பதுபோல நடந்துகொண்டிருக்கும் செயல் அல்ல.

இரண்டு, ஒரு வரம்பை மதித்து நடப்பது. சட்டத்தை, வரிசையை, ஒருவரின் நேரத்தை, விருப்பத்தை. 'ப்ளீஸ் ரெஸ்பெக்ட் ஹர் விஷஸ்' என்றால் அவர் விருப்பத்துக்கு மாலை போடு என்பதல்ல, அதைத் தாண்டாதே என்பது. மரியாதை என்ற சொல்லின் பழைய எல்லைப் பொருள் இங்கேதான் சரியாக வந்து உட்காருகிறது. ஒருவரை உள்ளூரப் பிடிக்காவிட்டாலும் அவர் முடிவை 'ரெஸ்பெக்ட்' செய்யலாம்.

மூன்று, மரியாதைக்குத் தொடர்பே இல்லாதது: வகை, விதம். 'இன் திஸ் ரெஸ்பெக்ட்' என்றால் இந்த வகையில். 'இன் மெனி ரெஸ்பெக்ட்ஸ்' என்றால் பல விதங்களில். ஒரு பொருளை எந்தப் பக்கமிருந்து பார்க்கிறோம் என்ற பார்வைப் பொருள்தான் இங்கே மிச்சம். வினாத்தாளில் இந்தத் தொடரைப் பார்த்து 'இந்த மரியாதையில்' என்று மொழிபெயர்த்தவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

முதல் வகையோடு ஒட்டி ஒரு தொடர் இருக்கிறது, நம் ஊருக்கென்றே செய்தது போல: 'எ ஹெல்தி ரெஸ்பெக்ட்'. ஆபத்தானது என்று தெரிந்து, அந்த அறிவோடு வைக்கும் மதிப்பு. வாடிவாசல் ஓரத்தில் நிற்கும் மாடுபிடி வீரரைக் கவனித்தால் புரியும். காளை வெளியே வரும்வரை கண்ணை எடுக்க மாட்டார். பக்கத்தில் இருப்பவர் பேசினாலும் திரும்ப மாட்டார். அவரிடம் இருப்பது வெறும் பயமும் அல்ல, பாசமும் அல்ல. ஆங்கிலத்தில் அவருக்கு அந்தக் காளையிடம் 'ஹெல்தி ரெஸ்பெக்ட்' இருக்கிறது என்பார்கள்.

மூன்றாம் படி: 'கிவ்' என்பதைக் கீழே வையுங்கள்

'மரியாதை கொடுத்து மரியாதை வாங்கு' என்பது நம் வாய்மொழி. அதை அப்படியே தூக்கி 'கிவ் ரெஸ்பெக்ட், டேக் ரெஸ்பெக்ட்' என்று ஆட்டோக்களின் முதுகில் எழுதி வைத்திருக்கிறோம். படிக்கப் புரியும், ரசிக்கவும் செய்யலாம். எழுத்து ஆங்கிலத்தில் அது வேற்றாள். நமக்கு மரியாதை கொடுத்து வாங்கும் பொருள். கோயிலில் அது கையில் பிடிக்கக்கூடியதாகவே இருக்கிறது: பரிவட்டம், மாலை, தேங்காய், திருநீறு. ஆங்கிலத்தில் அது பார்க்கும் விதம். ஆகவே அதைக் காட்டுவார்கள், 'ஷோ'. அல்லது ஒருவரை அவ்விதத்தில் நடத்துவார்கள், 'ட்ரீட் வித் ரெஸ்பெக்ட்'.

வாங்கும் பக்கத்தில்தான் நுட்பம் அதிகம். உழைத்துப் பெற்றால் 'ஏர்ன்'. இழந்தால் 'லூஸ்'. 'கமாண்ட்', 'டிமாண்ட்' என்ற இரண்டும் காதுக்கு ஒன்றுபோல இருந்தாலும் எதிரெதிர். ஆள் உள்ளே வந்ததும் நாற்காலியிலிருந்து நாமே எழுந்தால் அவர் 'கமாண்ட்ஸ் ரெஸ்பெக்ட்'. 'ஏன் எழுந்திருக்கவில்லை' என்று அவர் கேட்டால் 'டிமாண்ட்ஸ் ரெஸ்பெக்ட்'. நற்சான்றுக் கடிதத்தில் இந்த இரண்டையும் மாற்றி எழுதினால் புகழ்ச்சி புகாராகிவிடும்.

என்னிடம் படித்த பெண் ஒருவர் தங்கும் விடுதி ஒன்றின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறார். அறைச் சாவி தாமதமானதற்காக வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் குரலை உயர்த்தியிருக்கிறார். இவர் 'யூ ஷுட் கிவ் ரெஸ்பெக்ட் டு மீ' என்று சொல்ல, அவருக்கு இன்னும் கோபம் ஏறியிருக்கிறது. தன்னிடம் ஏதோ காணிக்கை கேட்பதுபோல அது அவர் காதில் விழுந்திருக்கும். 'நான் கேட்டது தவறா?' என்றார் மறுநாள். கேட்டது தவறில்லை. 'ப்ளீஸ் ஸ்பீக் டு மீ வித் ரெஸ்பெக்ட்' என்றிருந்தால் அதே கண்டிப்பு, அதே தன்மானம், எதிராளி மறுக்க இடமும் குறைவு. ஒரு தாளில் எழுதி மேசை இழுப்பறையில் ஒட்டி வைத்திருக்கிறார்.

நான்காம் படி: குடும்பத்தில் யார் யார்

'ரெஸ்பெக்ட்ஃபுல்' என்பவர் மரியாதை காட்டுபவர். 'ரெஸ்பெக்டட்' என்பவர் மரியாதை பெறுபவர். ஒன்று வெளியே போகிறது, மற்றது உள்ளே வருகிறது. இவ்வளவுதான்.

'ரெஸ்பெக்டபிள்' கொஞ்சம் வில்லங்கமானது. சொற்படி மதிக்கத்தக்கவர். ஆனால் புழக்கத்தில் அது குணத்தைவிடத் தோற்றத்தைப் பார்க்கிறது: நல்ல உடை, நல்ல தெரு, அக்கம்பக்கத்தார் குறை சொல்லாத வாழ்க்கை. மேலமாசி வீதியில் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டு இடுப்பு வேட்டிக்கு மாறினார். அந்தக் காலத்து ஆங்கிலேயர் கண்ணில் அன்றோடு அவர் 'ரெஸ்பெக்டபிள்' உடையை விட்டுவிட்டார். பத்து ஆண்டு கழித்து, 1931-இல், அதே கோலத்தில் லண்டன் அரண்மனைக்குப் போய் அரசரைச் சந்தித்தார். 'ரெஸ்பெக்டட்' என்ற சொல்லுக்கு 'ரெஸ்பெக்டபிள்' தேவையில்லை என்பதற்கு இதைவிட உள்ளூர் எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. எண்களோடு வந்தால் இதே சொல்லுக்குப் 'பரவாயில்லை' என்று பொருள்: நூற்றுக்கு அறுபத்தைந்து ஒரு 'ரெஸ்பெக்டபிள்' மதிப்பெண்.

'ரெஸ்பெக்டிவ்' குடும்பப் பெயரைச் சுமக்கிறது, மரியாதையோடு அதற்கு உறவில்லை. அதன் பொருள் 'அவரவர்'. திருவிழா முடிந்து மக்கள் அவரவர் ஊருக்குத் திரும்பினார்கள் என்றால் அங்கே 'தெயர் ரெஸ்பெக்டிவ் வில்லேஜஸ்'. 'ரெஸ்பெக்டிவ் சார்' என்று எழுதினால் 'அவரவர் ஐயா' என்றாகிறது. மேலூர் இளைஞரிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டுத் தானே அடித்தார்.

'ரெஸ்பெக்டிவ்லி' என்பதற்குத் தமிழில் கச்சிதமான சொல் இருக்கிறது: முறையே. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஆகிய ஊர்களில் ஜல்லிக்கட்டு முறையே தைப் பொங்கல், மாட்டுப் பொங்கல், அதற்கு மறுநாள் நடக்கிறது. முதற்பட்டியலில் மூன்று, இரண்டாம் பட்டியலில் மூன்று, ஒன்றுக்கு ஒன்று வரிசையாக. எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் அந்தச் சொல்லைத் தொடாதீர்கள். தமிழில் எழுதிப் பார்த்து 'முறையே' வருகிறதா என்று சோதியுங்கள். வராவிட்டால் ஆங்கிலத்திலும் வராது. 'யுவர்ஸ் ரெஸ்பெக்டிவ்லி' என்று கையெழுத்துப் போட்டால் 'இப்படிக்கு முறையே' என்றாகும். எந்த முறை?

'செல்ஃப்-ரெஸ்பெக்ட்' பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1925-இல் தொடங்கிய இயக்கத்தால் 'சுயமரியாதை' தமிழில் வீட்டுச் சொல்லாகிவிட்டது. சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ஏற்பும் தந்தது. பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கி ஏறும் ஊரில் அந்தச் சொல்லின் கனம் யாருக்கும் தெரியும். ஒரே எச்சரிக்கை: ஆங்கிலத்தில் 'செல்ஃப்-எஸ்டீம்' என்பது தன்னைப் பற்றிய எண்ணம் உயர்வா தாழ்வா என்பது. 'செல்ஃப்-ரெஸ்பெக்ட்' என்பது இதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்ற வரம்பு. 'ஈகோ' வேறு கதை, அதை இங்கே இழுக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: ஒட்டிக்கொண்டு வரும் தொடர்கள்

'வித் ரெஸ்பெக்ட் டு' என்றால் குறித்து, தொடர்பாக. கணக்குப் பாடத்தில் 'வித் ரெஸ்பெக்ட் டு எக்ஸ்' என்பதைத் தமிழ்வழிப் புத்தகம் 'எக்ஸைப் பொறுத்து' என்கிறது. அருமையான ஈடு. 'இன் ரெஸ்பெக்ட் ஆஃப்' சட்ட, வங்கிக் கடிதங்களுக்கானது. வீட்டுக் கடிதத்தில் எழுதினால் வட்டி கேட்பதுபோல இருக்கும். 'இர்ரெஸ்பெக்டிவ் ஆஃப்' என்றால் வேறுபாடு பாராமல். 'பாராமல்' என்பதிலேயே பழைய லத்தீன் பார்வை ஒளிந்திருக்கிறது. பின்னால் 'ஆஃப்' மட்டும், 'டு' வராது.

'வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்' ஒரு மணியடிப்பு. அதைக் கேட்டதும் அடுத்து மறுப்பு வருகிறது என்று காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். 2004-இல் உயர் நீதிமன்றக் கிளை ஒத்தக்கடைப் பக்கம் வந்தபிறகு நம் ஊரில் இந்தத் தொடரைத் தினம் பயன்படுத்துபவர்கள் பெருகிவிட்டார்கள். வழக்கறிஞர்கள் நடுவே பழைய கிண்டல் ஒன்று உண்டு: 'வித் ரெஸ்பெக்ட்' என்றால் நீங்கள் சொல்வது தவறு, 'வித் கிரேட் ரெஸ்பெக்ட்' என்றால் முழுத் தவறு, 'வித் தி கிரேட்டஸ்ட் ரெஸ்பெக்ட்' என்றால் எப்படி இதைச் சொல்லத் தோன்றியது என்று பொருள். ஆகவே மேலதிகாரிக்கு நன்றி சொல்லும் கடிதத்தில் இந்தத் தொடரை வைத்துவிடாதீர்கள்.

'நோ ரெஸ்பெக்டர் ஆஃப் பெர்சன்ஸ்' பழைய ஆங்கில விவிலியத்தில் வருவது. ஆள் பார்த்து நடக்காதவர் என்று பொருள். தமிழ் விவிலியம் அதே இடத்தில் 'தேவன் பட்சபாதமுள்ளவரல்ல' என்கிறது. 'மரியாதை' பக்கமே போகவில்லை, கவனியுங்கள். நல்ல மொழிபெயர்ப்புக்கு இதைப் பாடமாகவே வைக்கலாம். இன்றைய செய்தித்தாள் ஆங்கிலத்தில் நோய்க்கும் வெள்ளத்துக்கும் இந்தத் தொடரைச் சொல்வார்கள்.

பன்மையில் 'ரெஸ்பெக்ட்ஸ்' வந்து முன்னால் 'பே' இருந்தால் நேரில் போய் வணக்கம் செலுத்துவது. 'லாஸ்ட் ரெஸ்பெக்ட்ஸ்' என்பது இறுதி மரியாதை.

ஆறாம் படி: தமிழில் மரியாதை, ஆங்கிலத்தில் வேறு

இதில்தான் அதிகம் வழுக்குகிறது. 'மரியாதையாகப் போய்விடு' என்று ஒருவர் சொன்னால் அதில் மரியாதை எள்ளளவும் இல்லை என்று மதுரையில் குழந்தைக்கும் தெரியும். 'கோ ரெஸ்பெக்ட்ஃபுல்லி' என்று மொழிபெயர்த்தால் வணங்கிவிட்டுப் போ என்றாகும். 'லீவ் வைல் ஐ ஆம் ஸ்டில் ஆஸ்கிங் நைஸ்லி' என்றால் அந்த மிரட்டல் இறங்கும். 'மரியாதை கெட்டுவிடும்' இன்னும் நுட்பமானது. யாருடைய மரியாதை கெடும்? கேட்பவருடையது. சொல்பவர் தன் 'ங்கள்' விகுதியைக் கழற்றப் போகிறேன் என்று முன்னறிவிப்பு கொடுக்கிறார். விகுதியே இல்லாத மொழியில் இந்த மிரட்டலுக்கு வழியில்லை. 'டோன்ட் மேக் மீ ஸ்டாப் பீயிங் பொலைட்' என்று சுற்றி வளைக்க வேண்டும். அதில் காரம் பாதிதான்.

கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்ற கேள்வி ஊர்க்கூட்டத்தில் தொடங்கி நீதிமன்றம்வரை போவதுண்டு. அதை ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஃபர்ஸ்ட் ரெஸ்பெக்ட்' என்று உள்ளூர்ச் செய்திகளில் வருகிறது. வெளியூர் வாசகருக்கு அது விளங்காது. 'டெம்பிள் ஆனர்ஸ்' என்றால் விளங்கும். அரசு மரியாதைக்கும் அப்படியே, 'ஸ்டேட் ஆனர்ஸ்'. கௌரவப் பிரச்சினை என்றால் 'பிரெஸ்டீஜ்'. கௌரவ விரிவுரையாளரை நம் கல்லூரிகள் 'கெஸ்ட் லெக்சரர்' என்கின்றன. மானத்துக்கு 'டிக்னிட்டி' பல இடங்களில் பொருந்தும்.

ஏழாம் படி: கடிதத்தில் வைத்துப் பாருங்கள்

'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்குவது இந்திய வழக்கம். ஆங்கிலேயர் 'டியர் சார்' என்பார்கள். நம் ஊர்த் தலைமையாசிரியருக்கோ வட்டாட்சியருக்கோ எழுதும்போது 'ரெஸ்பெக்டட்' இருக்கட்டும் என்பதே என் கட்சி. 'டியர்' என்பதைப் பார்த்து முகம் சுளிக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், இலக்கணத்துக்காக விடுப்பை இழக்க வேண்டாம். வெளிநாட்டு நிறுவனத்துக்கு என்றால் 'டியர்' போட்டு, பெயர் தெரிந்தால் பெயரையும் எழுதுங்கள். முடிவில், பெயர் எழுதியிருந்தால் 'யுவர்ஸ் சின்சியர்லி', 'சார்' மட்டும் என்றால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி'. 'யுவர்ஸ் ரெஸ்பெக்ட்ஃபுல்லி' பிழையில்லை, சற்றுப் பழையது.

கடிதத்தின் உடலுக்குள் 'ரெஸ்பெக்ட்' வேண்டாம். மரியாதையை 'குட்', 'வுட்', 'மே' ஆகிய துணைவினைகளிடம் ஒப்படையுங்கள். 'ஐ வான்ட் லீவ்' என்பது கட்டளை. 'குட் ஐ ப்ளீஸ் டேக் லீவ்' என்றால் நம் 'ங்கள்' வந்து சேர்ந்துவிட்டது. தமிழில் வினையின் வாலில் இருப்பது ஆங்கிலத்தில் வினையின் தலைக்கு முன்னால் போய் நிற்கிறது, அவ்வளவே வேறுபாடு.

மேலூர் இளைஞரின் கடிதத்தை இருவரும் உட்கார்ந்து திருத்தினோம். நிறுவனத்தின் பெயருக்கு முன்னிருந்த இரண்டு 'ரெஸ்பெக்டட்' போயின. மூத்தவர்களுக்கு மரியாதை கொடுப்பேன் என்ற வாக்கியத்துக்குப் பதிலாக, முன்பு வேலை பார்த்த பட்டறையில் வயதில் மூத்த நான்கு பேரோடு ஓராண்டு வேலை பழகியதை எழுதச் சொன்னேன். 'ஐ வுட் பி கிரேட்ஃபுல்' என்று ஒரு வரி சேர்ந்தது. முடிவில் 'ஃபெய்த்ஃபுல்லி'. எல்லாம் முடிந்ததும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'ஒரு இடத்திலாவது இருக்கட்டுமே ஐயா, மொட்டையாக இருக்கிறது' என்றார். மேலே 'டியர் சார்' என்றிருந்ததை அடித்துவிட்டு 'ரெஸ்பெக்டட் சார்' என்று நானே எழுதிக் கொடுத்தேன். நிறுவனம் மதுரைக்குப் பக்கத்துக் கப்பலூரில்தான் இருந்தது.